புஷ்பம் அக்காவின் இடது கால்

பதுளை ரயில் நிலையத்தில் என்னை அழைத்துப் போக வந்தவள் நிரோஷா, புஷ்பம் அக்காவின் ஒரே மகள். அதுவரை வாட்ஸ்அப்பில் மட்டுமே பார்த்திருந்த முகம். நேரில் இன்னும் ஒல்லியாகத் தெரிந்தாள். "வாங்க சித்தி" என்று பெட்டியை வாங்கிக்கொண்டவள், அடுத்து கேட்டது, "அம்மாவ எப்போ கூட்டிட்டுப் போவீங்க?" சாப்பிட்டீர்களா, பயணம் எப்படி என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான் வந்தது.

நான் போன காரியமும் அதுதான். புஷ்பம் அக்கா என் பெரியம்மா மகள். தோட்டத் தமிழரைத் திருப்பி அனுப்பிய ஒப்பந்தத்தில் எங்கள் குடும்பம் இந்தியாவுக்குக் கப்பலேறியபோது பெரியம்மா குடும்பம் இங்கேயே நின்றுவிட்டது. அப்போது நான் கைக்குழந்தை. இப்போது கும்பகோணத்தில் சின்னதாகத் தையல் கடை வைத்திருக்கிறேன். அக்காவுக்கு யானைக்கால் என்று நிரோஷாதான் அழுதுகொண்டே சொன்னாள். வீடியோவில் அக்கா முகத்துக்குக் கீழே எதையும் காட்டியதில்லை.

கும்பகோணத்துக்காரிக்கு யானைக்கால் புதிதில்லை. காய்கறிக் கடையிலும் கோயில் வாசலிலும் பேருந்திலும் சின்ன வயதிலிருந்தே பார்த்திருக்கிறேன். யாரும் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார்கள். தஞ்சாவூரில் ஒரு மருத்துவரிடம் விசாரித்தேன். "ஆரம்பக் கட்டமாக இருந்தால் ஆபரேஷன் செய்து பார்க்கலாம். முதலில் அங்கேயே ஒரு டாக்டரிடம் காட்டி, எந்தக் கட்டம் என்று தெரிந்துகொண்டு வாருங்கள்" என்றார். அந்தப் 'பார்க்கலாம்' என்ற ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் கடலைத் தாண்டினேன்.

லுணுகலைக்குப் போகும் பேருந்தில் ஏறுவதற்கு முன் ஒரு கடையில் உட்கார்ந்தோம். "பாண் சாப்பிடுறீங்களா?" என்று கடைக்காரர் கேட்டார். காலை நேரத்தில் வெற்றிலை எதற்கு என்று நான் வேண்டாம் என்றுவிட்டேன். நிரோஷா சிரித்தாள். ரொட்டித் துண்டுகளும் பருப்பும் வந்த பிறகுதான் இந்த ஊரில் பாண் என்றால் என்ன என்று புரிந்தது. அந்தப் பயணத்தில் நாங்கள் இருவரும் சேர்ந்து சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

பேருந்து மலையைச் சுற்றிச் சுற்றி ஏறியது. தேயிலைச் சரிவுகள் ஜன்னலுக்கு மேலேயும் கீழேயும் வந்து போயின. எங்கள் ஊரில் நிலம் படுத்துக்கிடக்கும், இங்கே நின்றுகொண்டிருந்தது. லுணுகலையில் இறங்கி ஆட்டோ பிடித்தோம். தோட்டத்துப் பாதையில் கொஞ்ச தூரம் போனதும் மழையில் அரித்துப்போன ஒரு இடத்தில் ஆட்டோக்காரர் வண்டியை நிறுத்தினார். "இதுக்கு மேல ஏறாது அக்கா. குறை நெனைக்காதீங்க."

மீதி மேட்டை நடந்தோம். பெட்டியை நிரோஷா தலையில் வைத்துக்கொண்டாள். நான் இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கினேன். இரண்டு கால்களும் ஒழுங்காக உள்ள எனக்கே இப்படி என்றால் என்ற நினைப்பு அப்போதுதான் வந்தது. அதை நான் இன்னும் கவனமாக நினைத்திருக்க வேண்டும்.

அக்கா வீடு ஒரு நீண்ட லயத்தில் கடைசி. வரிசையாக ஒட்டிக் கட்டிய அறைகள், தகரக் கூரை. அக்கா வாசலுக்கு வரவில்லை. உள்ளே பாயில் உட்கார்ந்திருந்தவள் கையை மட்டும் நீட்டினாள். "எங்க அம்மா மூஞ்சி அப்பிடியே ஒனக்கு" என்று என் கன்னத்தைத் தடவினாள். இடுப்புக்குக் கீழே ஒரு போர்வை. பால் விடாத பிளேன்டீ வந்தது, தேங்காய் ரொட்டியும் மிளகாய்ச் சம்பலும் வந்தன. பேசினோம், அழுதோம். போர்வை மட்டும் விலகவில்லை.

மறுநாள் காலை நானே கேட்டேன். "நான் பார்க்கணும்க்கா."

அவள் வாசலை ஒருதரம் பார்த்துவிட்டுப் போர்வையை எடுத்தாள். வலது கால் ஒரு சின்னப் பெண்ணுடையது போல மெலிந்திருந்தது. இடது கால் முழங்காலிலிருந்தே தூணாக இறங்கியது. தோல் கறுத்துத் தடித்து, கணுக்காலில் மடிப்பு மடிப்பாக விழுந்திருந்தது. பாதத்தின் மேல் கொட்டை கொட்டையாக முடிச்சுகள். விரல்கள் அந்தச் சதைக்குள் புதைந்திருந்தன. எங்கள் ஊரில் பார்த்த கால்களை வைத்து நான் ஒரு கணக்குப் போட்டிருந்தேன். இது அதைத் தாண்டியிருந்தது. ஒரு வாடையும் இருந்தது. என் முகம் மாறியிருக்க வேண்டும். அக்கா போர்வையை இழுத்துக்கொண்டாள்.

"நாத்தம் அடிக்குதில்ல?"

"இல்லக்கா."

"அடிக்கும். கழுவத் தண்ணி வேணும். பீலிக்குக் கடைசியாத்தான் போவணும்."

லயத்துக்கு வெளியே பொதுத் தண்ணீர் விழும் குழாயைத்தான் பீலி என்கிறார்கள். அக்கா அங்கே கால் கழுவினால் நோய் தண்ணீரில் பரவும் என்று பக்கத்து வீடுகளில் பேச்சு. எல்லாரும் பிடித்து முடித்த பிறகு நிரோஷா ஒரு வாளி கொண்டுவருவாள். அன்றைக்கு அந்த வாளியையும் சோப்பையும் நான் வாங்கிக்கொண்டேன். அக்கா வேண்டாம் என்று என் மணிக்கட்டைப் பிடித்தாள். பிறகு விட்டுவிட்டாள். மடிப்புகளுக்குள் விரலை விட்டு நான் கழுவும்போது அவள் கூரையைப் பார்த்துக்கொண்டு கதை சொன்னாள்.

பதினைந்து வயதில் கொழும்புக்கு வீட்டு வேலைக்குப் போயிருக்கிறாள். நல்ல வீடு, சாப்பாட்டுக்குக் குறையில்லை. படுக்க இடம் சமையலறைக்குப் பின்னால். அதற்கு அடுத்தாற்போல் ஒரு சாக்கடைக் கால்வாய். "கொசுன்னா அப்பிடி ஒரு கொசு. சேலைய தலையோட மூடிக்கிட்டுப் படுப்பேன். காலு வெளிய கெடக்கும்." கல்யாணத்துக்காக ஊர் திரும்பும்வரை பல வருடங்கள் அதே இடத்தில் படுத்தாள். கொசு கொண்டுவந்து விட்ட புழு உடம்புக்குள் வளர்ந்தது அவளுக்கு எப்படித் தெரியும்?

நிரோஷா பிறந்த பிறகு அடிக்கடி குளிர்காய்ச்சல் வந்திருக்கிறது. தொடை இடுக்கில் நெறி கட்டும், இரண்டு நாளில் போய்விடும், கால் மட்டும் கொஞ்சம் வீங்கியே நிற்கும். சூடு என்றார்கள், வாதம் என்றார்கள், செய்வினை என்று ஒருவர் கயிறு கட்டினார். இந்தப் பக்கம் இல்லாத நோய் என்பதால் காட்டிய இடத்திலும் யாருக்கும் பொறி தட்டவில்லை. கடைசியில் கொழும்பில்தான் பெயரைச் சொல்லி மாத்திரை கொடுத்தார்கள். அதற்குள் வருடங்கள் ஓடிவிட்டன.

"அந்தக் காலோட மலையில கொழுந்து எடுத்தியாக்கா?"

"எடுத்தேன். அட்டை கடிச்சா வேற ஆளுக்குச் சும்மா ரத்தம். எனக்கு அது புண்ணாயி, காய்ச்ச வந்து, ஒரு வாரம் படுக்கை. பெரட்டுக்குப் போயி நின்னா கங்காணி, 'நீ நிக்காத, வீட்டுக்குப் போ'ன்னாரு. அவரு கெட்டவரு இல்ல. நான் வழுக்கி விழுந்தா அவருதானே பதில் சொல்லணும்." பெரட்டு என்பது காலையில் கங்காணி ஆள் பிரித்து மலைக்கு அனுப்பும் இடம். அங்கே கடைசியாக நின்ற நாளோடு அவள் வேலை முடிந்தது. அவள் கணவர் மொனராகலைப் பக்கம் கரும்பு வெட்டப் போகிறார். வருவது குறைந்துகொண்டே வந்து இப்போது பண்டிகைக்குப் பண்டிகை என்றாகிவிட்டது.

நிரோஷா கடைக்குப் போயிருந்த நேரத்தில் இன்னொன்றையும் சொன்னாள். தெமோதரைப் பக்கத்திலிருந்து நிரோஷாவைப் பெண் பார்க்க வந்திருக்கிறார்கள். அன்றைக்கு அக்கா தானாகவே அடுத்த லயத்தில் ஒரு வீட்டில் போய் ஒளிந்துகொண்டாள். அம்மா எங்கே என்று கேட்டவர்களுக்குக் கண்டிக்குப் போயிருப்பதாகச் சொன்னார்கள். எல்லாம் பேசி முடித்துப் போனார்கள். பாதையில் யாரோ விஷயத்தைச் சொல்ல, 'பரம்பரை நோய் உள்ள குடும்பம் வேணாம்' என்று மறுநாள் போன் வந்தது.

"பரம்பரை இல்லைன்னு சொல்ல வேண்டியதுதானே?"

"யாருகிட்ட? போனை வச்சுட்டாங்க."

நான் காலைத் துடைத்துவிட்டு, நாளைக்கே பதுளையில் டாக்டரைப் பார்த்துவிடலாம் என்றேன். அக்கா தலையாட்டவில்லை. "மழையா இருக்கு. ரெண்டு நாளு போவட்டும்" என்றாள். எனக்கு அந்த இரண்டு நாள் பொறுக்கவில்லை. நிரோஷாவும் என் பக்கம். இருவரும் பேசிப் பேசி அவளைச் சம்மதிக்க வைத்தோம். இந்தியாவிலிருந்து தைத்துக்கொண்டு வந்திருந்த தளர்வான நீளக் கவுனை எடுத்துக் கொடுத்தேன். போட்டுப் பார்த்தாள். கால் முழுக்க மறைந்தது. "தெரியலைல்ல?" என்று நிரோஷாவிடம் இரண்டு தடவை கேட்டாள்.

விடிந்ததும் மழை பிடித்துக்கொண்டது. ஆட்டோக்காரர் அந்த அரித்த இடத்துக்கே வர முடியவில்லை, இன்னும் கீழே நிற்கிறேன் என்று போன் செய்தார். நாளைக்குப் போகலாம் என்று அக்கா ஒரு தடவைதான் சொன்னாள். நான் குடையை விரித்துவிட்டேன். அவளை நடுவில் விட்டு நாங்கள் இருவரும் தோள் கொடுத்துக் கூட்டிப்போனோம். அந்தப் பாதத்துக்குச் செருப்பு எதுவும் நுழையாது, துணியைச் சுற்றியிருந்தாள். சேற்றில் துணி நனைந்து கழன்றது. கீழே வந்து சேர்ந்தபோது அவள் உதடு வெளுத்திருந்தது. விரலிடுக்கில் இரண்டு அட்டைகளை நிரோஷா உப்பைத் தொட்டு எடுத்தாள்.

பேருந்தில் அக்காவுக்கு இடம் கிடைத்தது. பக்கத்தில் ஒரு சிங்களத் தாயும் குழந்தையும். கவுன் ஓரம் ஒதுங்கியபோது அந்தப் பெண் கீழே பார்த்தாள். குழந்தையிடம் மெதுவாக ஏதோ சொல்லி, எழுந்து போய் நின்றுகொண்டாள். "என்ன சொன்னாங்க?" என்றேன். அக்காவுக்குச் சிங்களம் நன்றாகத் தெரியும். "பிள்ளைக்குக் காத்து வேணுமாம்" என்றாள். பதுளையில் இறங்கிய பிறகு நிரோஷா என்னிடம் சொன்னாள்: "'அதத் தொட்டுடாத, ஒட்டிக்கும்'ன்னு சொன்னாங்க சித்தி. எங்க கோயில்ல நம்ம ஆளுங்களே அம்மாவ பால்குடம் தூக்க வேணாம்னு சொல்லிட்டாங்க. இவங்கள என்னத்தச் சொல்ல."

நடத்துநரும் சிங்களவர்தான். பேருந்தைக் கொஞ்சம் தள்ளி, தண்ணீர் தேங்காத இடத்தில் நிறுத்தச் செய்து, அக்காவின் கையைப் பிடித்து இறக்கிவிட்டார்.

டாக்டரைப் பார்க்க இன்னும் நேரம் இருந்ததால் கடைத்தெருவில் ஒரு செருப்புக் கடைக்குள் போனோம். கடைக்காரர் ஒரு வயதான முஸ்லிம். "வாங்க தங்கச்சி, உக்காருங்க" என்றவர், பாதத்தைப் பார்த்ததும் பேச்சை நிறுத்திவிட்டு உள்ளே போனார். இருப்பதிலேயே பெரிய ஆம்பிளைச் செருப்பு ஒன்றைக் கொண்டுவந்து, வாரை வெட்டி, வேறு வார் வைத்து இழுத்துப் பார்த்தார். நுழையவில்லை. இன்னொன்றை வெட்டினார். அதுவும் நுழையவில்லை. இரண்டு செருப்பும் வீணாகிவிட்டன. விலை கொடுக்கப் போனால் வாங்க மறுத்தார். "அல்லா ஒரு வழி காட்டுவான்" என்று சொல்லிவிட்டு, வெட்டிய வார்களைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். பழைய துணியை உதறி மறுபடியும் சுற்றிக்கொண்டு கிளம்பினோம்.

டாக்டர் யாழ்ப்பாணத்துக்காரர். காலைத் தயங்காமல் மடியில் தூக்கி வைத்துக்கொண்டார். கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார், மடிப்புகளைப் பிரித்துப் பார்த்தார். கொழும்பில் என்ன மாத்திரை கொடுத்தார்கள், காய்ச்சல் எத்தனை தடவை வந்தது என்று எல்லாம் கேட்டார். பிறகு அக்காவிடமே நேராகச் சொன்னார்.

"புழு எல்லாம் எப்பவோ செத்துப்போச்சு அம்மா. அது அடைச்ச பாதைதான் அடைபட்டே கிடக்கு. அதுக்கு மருந்தில்லை."

நான் தஞ்சாவூர் ஆபரேஷனைப் பற்றிச் சொன்னேன். அவர் கேட்டு முடித்தார்.

"பிழையா நினைக்காதேங்கோ. அது கால் மெத்தெண்டு இருக்கேக்க செய்யிறது. இது இறுகிப்போச்சு. வெட்டினால் புண் ஆறாது. அவவை அவ்வளவு தூரம் கொண்டுபோய் அலைக்கழிக்காதேங்கோ."

"அப்போ வேற என்னதான் செய்றது?"

"ஒவ்வொரு நாளும் சோப்புப் போட்டுக் கழுவி, ஈரம் இல்லாமத் துடையுங்கோ. காலை உயர்த்தி வையுங்கோ. காயம் படக்கூடாது. சேத்துக்குள்ள இறங்கக்கூடாது. இன்னும் பெருக்காமப் பாக்கலாம். பழைய கால் வராது." விரலிடுக்கில் அட்டை கடித்த இடத்தைப் பார்த்துவிட்டு, காய்ச்சல் வந்தால் உடனே கொடுக்கச் சொல்லி மாத்திரை எழுதினார். "இது எப்ப நடந்தது?" என்றார். "இன்னைக்குக் காலையில" என்றேன். சீட்டைக் கிழித்து என் கையில் கொடுத்தார். திட்டியிருக்கலாம்.

வெளியே வந்ததும் நிரோஷா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். அழுதது அவள்தான். அக்கா அவள் முதுகைத் தட்டிக்கொடுத்து, "நல்ல டாக்டரு. கையால தொட்டுப் பாத்தாரு" என்றாள்.

திரும்பும்போது பசறையைத் தாண்டிப் பேருந்து நின்றுவிட்டது. எல்லாரும் இறங்கி மழையில் நின்றோம். கோழிக் கூண்டோடு வந்த ஒருவர் அரசாங்கத்தைத் திட்டினார், அடுத்தவர் டயரைத் திட்டினார். வேறு பேருந்து வந்தபோது உட்கார இடமில்லை. அக்கா ஒற்றைக்காலில் பாரத்தைக் கொடுத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்தாள். தோட்டத்து மேட்டில் இரண்டு பேர் அவளைத் தூக்கிக்கொண்டு வந்து சேர்த்தார்கள். லயத்து இளைஞர்கள்தான். தூக்கிவிட்டுப் போனதும் இருவரும் பீலியில் கை கழுவியதை நான் பார்த்தேன். அக்காவும் பார்த்தாள்.

மறுநாள் காலையில் காய்ச்சல். பற்கள் அடித்துக்கொண்டன; மூன்று போர்வைக்கும் குளிர் அடங்கவில்லை. கால் சிவந்து நெருப்பாகக் கொதித்தது, தோல் பளபளத்து ஒரு இடத்தில் வெடித்து நீர் கசிந்தது. மாத்திரையைக் கொடுத்துவிட்டு ஈரத் துணியை மாற்றி மாற்றிப் போட்டேன். ரெண்டு நாள் போகட்டும் என்று அவள் சொன்னது காதிலேயே நின்றது. அவள் அதைத் திருப்பிச் சொல்லவில்லை. வலி தாங்காமல் ஒரே ஒருதரம், "வெட்டிப் போட்டுருங்களேன்" என்றாள். யாரிடம் சொன்னாள் என்று தெரியவில்லை.

காய்ச்சல் இறங்கிய நாளில் கஞ்சி குடித்துக்கொண்டே கேட்டாள்.

"ஒங்க ஊருல இந்தக் காலோட நெறைய பேரு இருக்காங்களா?"

"முன்னாடி நெறைய இருந்தாங்க. இப்போ புதுசா யாருக்கும் அவ்வளவா வர்றதில்ல."

"அவங்கள்லாம் என்னா வேல பாக்குறாங்க?"

யோசித்துப் பார்த்துச் சொன்னேன். எங்கள் தெரு முனையில் பூ கட்டும் பெண், பாத்திரக் கடையில் கல்லாவில் உட்காருபவர், டைப் அடிப்பவர் ஒருவர்.

"எல்லாம் உக்காந்த எடத்துல செய்யிற வேல" என்றாள். "இங்க உக்காந்து செய்ய என்னா இருக்கு? மலைதான் இருக்கு."

தையல் கற்றுக்கொடுக்கிறேன், மெஷின் வாங்கித் தருகிறேன் என்று சொன்னேன். மெஷினை மிதிக்க எந்தக் கால் என்று அவள் கேட்கவில்லை. மோட்டார் வைத்தது என்று நானாகச் சொன்னேன். சரி என்றாள். இந்த லயத்தில் யார் அவளிடம் துணி கொடுப்பார்கள் என்பது இருவருக்கும் தெரியும்.

அன்று மாலை நிரோஷா, தானும் என்னோடு கொழும்புவரை வருவதாகச் சொன்னாள். தெரிந்தவர் மூலமாக ஒரு வீட்டில் வேலை. சமையல், குழந்தை பார்த்துக்கொள்வது.

"எந்தப் பக்கம்?" என்றேன். சொன்னாள். அக்கா இருந்த இடத்துக்கு அதிகத் தூரமில்லை.

"உனக்கென்ன பைத்தியமா?"

"இப்போ அங்க அந்த நோய் இல்லையாம் சித்தி. ஒழிச்சுட்டாங்களாம். டாக்டர்கிட்ட தனியாக் கேட்டேன். பயப்படாத, வலை கட்டிப் படுன்னாரு." அவள் குரலில் கோபம் இல்லை. "ஆபரேஷன் இருக்குன்னு நெனச்சப்போ போவ வேணாம்னு இருந்தேன். இனி என்னத்துக்கு இருக்க? அம்மாவுக்கு மருந்து, துணி, சோப்பு எல்லாம் எங்கருந்து வரும்?"

நான் அக்காவைப் பார்த்தேன். அவள் தடுப்பாள் என்று நினைத்தேன். "போவட்டும்" என்றாள். "இங்க என்னையப் பாத்துக்கிட்டே இருந்தா கல்யாணமும் ஆவாது."

பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் வாளித் தண்ணீருக்கும் கஞ்சிக்கும் ஏற்பாடு செய்துவிட்டு நிரோஷா புறப்பட்டாள். தாயும் மகளும் கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்ச நேரம் பேசினார்கள். அக்கா வாசல்வரை வரவில்லை, வரவும் முடியாது.

பதுளையிலிருந்து ரயிலில் வெள்ளைக்காரர்கள் கதவில் தொங்கிக்கொண்டு படம் எடுத்தார்கள். தெமோதரையில் ரயில் வளைந்து ஏறுவதைப் பார்க்கச் சொல்லி ஒருவர் எனக்கு ஜன்னலை விட்டுக்கொடுத்தார். நன்றி சொல்லிவிட்டு வெளியே பார்த்தேன். எதுவும் மனதில் பதியவில்லை. நிரோஷா தூங்குவது போல் கண்ணை மூடியே வந்தாள்.

கொழும்பில் அந்த வீட்டுக்கார அம்மாள் காரில் வந்திருந்தார். தமிழ் பேசுபவர், மரியாதையாகத்தான் பேசினார். என்னை யார் என்று கேட்டார், சித்தி என்றேன். பிறகு நிரோஷாவிடம், "அம்மா அப்பா எல்லாம் ஊரிலயா?" என்றார்.

"அப்பா மட்டுந்தான் மேடம். அம்மா செத்துட்டாங்க."

அந்த அம்மாள் அவள் தோளில் கை வைத்தார். நான் அவள் பையை எடுத்துக் கொடுத்தேன். நிரோஷா என்னைப் பார்க்காமலே காரில் ஏறினாள்.

நான் தங்கும் இடத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் அக்கா அழைத்துவிட்டாள்.

"ஏறிட்டாளா?"

"ஏறிட்டாக்கா. நல்லவங்களாத்தான் தெரியறாங்க."

"என்னையப் பத்திக் கேட்டாங்களா?"

போனை மறு காதுக்கு மாற்றினேன்.

"போன தடவ வேலைக்குப் பாத்த வீட்டுல, அம்மாவுக்கு யானைக்காலுன்னு தெரிஞ்சதும் பிள்ளைய வேணாம்னுட்டாங்க. அதான் இந்தத் தடவ நான் இல்லைன்னு சொல்லச் சொன்னேன். மாட்டேன்னு அழுதா. சொன்னாளா?"

"சொன்னாக்கா."

"அழுவாம சொன்னாளா?"

"அழுவாமத்தான் சொன்னா."

"நல்லதாப் போச்சு" என்றாள் அக்கா. போனை வைக்கவில்லை. அவள் மூச்சு விடுவது கேட்டுக்கொண்டே இருந்தது.